பெயரற்ற முகங்கள்: சிங்கப்பூர்த் தமிழரின் பழைய உருவப்படங்களைத் திரட்டுதலும் படித்தலும்

1905ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரில் இறங்கிய கப்பல் பயணி ஒருவர், ஊரில் இருக்கும் தம்மவருக்கு அனுப்ப ஓர் அஞ்சலட்டை வாங்க நினைத்தால் அவருக்குப் பலவகை அட்டைகள் கிடைத்தன. துறைமுகக் காட்சி, தாவரப் பூங்கா, அரசாங்கக் கட்டடங்கள் ஆகியவற்றோடு மனிதர்களின் படங்களும் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூக்குத்தியும் காதணியும் அணிந்து பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் பெண், மழித்த தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக நிற்கும் செட்டியார், முண்டாசு கட்டிய மாட்டுவண்டிக்காரர் என்று அவ்வரிசை நீளும். ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லோ இரு சொற்களோ அச்சாகியிருக்கும்: ‘தமிழ்ப் பெண்’, ‘செட்டி’, ‘கிளிங்’. அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், படம் பிடிப்பவர் முன் அமர அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பவை அட்டையில் இருப்பதில்லை.

இத்தகைய படங்களை இன்று உலகெங்கும் பலர் திரட்டுகின்றனர். வட அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாஹோ மக்களின் பழைய உருவப்படங்களைத் தேடித் திரட்டுவோர் உள்ளனர். நீலகிரித் தோடர் படங்களைத் தேடுவோரும், இலங்கைத் தமிழ்ப் பெண்களின் படங்களைத் தேடுவோரும் உள்ளனர். நம் முன்னோரின் முகங்களும் இந்தச் சந்தையில் விலைபோகின்றன. எனவே அவற்றை எவ்வாறு பார்ப்பது, எவ்வாறு பாதுகாப்பது, வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

சிங்கப்பூருக்கு நிழற்படக்கலை மிக விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட இக்கலையை 1843இலேயே இங்கு விளம்பரப்படுத்தியவர் காஸ்தோன் துத்ரோன்குவா என்னும் விடுதி உரிமையாளர். 1860களில் சாக்லர் நிறுவனம் இங்குத் தொழில் நடத்தியது. 1863ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்நிறுவனத்தின் படத்தொகுப்பு ஒன்று இன்று நம் தேசிய நூலகத்தில் உள்ளது. அதன் தலைப்பைத் தமிழில் ‘சிங்கப்பூரின் காட்சிகளும் மனித வகைகளும்’ எனலாம். ‘வகைகள்’ என்னும் அச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்செடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வகைப்படுத்துவது போலவே மனிதரையும் வகைப்படுத்தலாம் என்ற அக்கால எண்ணம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இத்துறையில் பெரும்பெயர் பெற்றது ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம். டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட் 1867இல் ஹை ஸ்திரீட்டில் கடை திறந்தார். இடையில் சில ஆண்டுகள் ஐரோப்பா சென்றிருந்து, 1877இல் மீண்டும் தொடங்கினார். பிற்காலத்தில் அலெக்சாண்டர் கோக் என்பவரின் பொறுப்பில் நிறுவனம் பெரிதாக வளர்ந்தது. ஏறத்தாழ மூவாயிரம் காட்சிப் படங்கள் இந்நிறுவனத்தின் கையிருப்பில் இருந்தன என்றும், ஆண்டுக்குச் சுமார் இரண்டரை இலட்சம் அஞ்சலட்டைகளை அது விற்றது என்றும் பிரிட்டிஷ் மலாயா பற்றி 1908இல் வெளியான ஒரு பெருநூல் தெரிவிக்கிறது. ஒரு முகம் ஒருமுறை படமாகிவிட்டால் எத்தனை கைகளுக்குச் சென்றிருக்கும் என்பதை இந்த எண்ணிக்கையிலிருந்து ஊகிக்கலாம். 1910களின் இறுதிக்குள் அந்நிறுவனம் மூடப்பட்டது. படங்கள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அக்காலப் படங்களைப் பார்க்கும் மாணவர் பலரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை? ஏன் எல்லாரும் இவ்வளவு கருமையாக இருக்கிறார்கள்? இரண்டுக்கும் விடை பெரும்பாலும் வேதியியலில் இருக்கிறது.

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் விடவேண்டும். சிங்கப்பூர் வெப்பத்தில் இது எளிய வேலையன்று. ஒளிபட வேண்டிய நேரமோ சில விநாடிகள். அத்தனை விநாடியும் அமர்ந்திருப்பவர் அசையக்கூடாது. அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி பொருத்தப்படுவதும் உண்டு. சில படங்களில் அமர்ந்திருப்பவரின் காலுக்குப் பின்னே அதன் அடிப்பகுதி எட்டிப்பார்க்கும். புன்னகையை அவ்வளவு நேரம் உறைய வைத்திருப்பது கடினம். உதட்டை மூடி நேராகப் பார்ப்பதே எளிது. அதைக் கண்டுவிட்டுக் ‘கீழைநாட்டாரின் துயரம்’ என்று கவிதை எழுதிய பயணிகள் தங்கள் பாட்டனார் படத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கொலோடியன் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். மஞ்சளையும் சிவப்பையும் அது ஏறக்குறைய காண்பதேயில்லை. பின்னர் வந்த உலர்தகடுகளிலும் இக்குறை நெடுங்காலம் முழுதும் நீங்கவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டையொட்டியே விற்பனைக்கு வந்தன. இதன் விளைவைத் தமிழர் படங்களில் எண்ணிப் பாருங்கள். பழுப்பு நிறத் தோல், கண்ணுக்குத் தோன்றுவதைவிட மிகக் கருமையாகப் பதியும். முகத்தில் பூசிய மஞ்சள் அம்முகத்தை மேலும் இருளச் செய்யும். குங்குமப் பொட்டு கரும்புள்ளியாகும். மஞ்சள் கயிறு கறுப்புக் கயிறாகும். அரக்குச் சிவப்புச் சேலை துக்க உடைபோலத் தோன்றும். திருநீறு மட்டும் வெள்ளையாகவே நிற்கும். மங்கலம் என்று நாம் கருதும் நிறங்கள் அனைத்தும் அப்படங்களில் கறுப்பாகிவிடுகின்றன. திருமணக் கோலத்தில் இருக்கும் பெண்ணைக் கைம்பெண் என்று கருதிவிடக்கூட இடமுண்டு. கருவியின் குறையை மனிதரின் தன்மையாகப் படித்த பார்வையாளர் அக்காலத்தில் ஏராளம், இக்காலத்திலும் இல்லாமலில்லை.

தகட்டின் குறையோடு அதன் பின்னிருந்த கருத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் தலைப்பில் 8 தொகுதிகள் இலண்டனில் வெளியிடப்பட்டன. ஜான் பார்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த அந்நூலில் 460க்கும் மேற்பட்ட நிழற்படங்கள் உள்ளன. 1857 எழுச்சிக்குப் பின் ஆட்சியாளருக்குத் தங்கள் குடிகளை ‘அறிந்துகொள்ள’ வேண்டிய தேவை இருந்தது. ஒவ்வொரு படத்தோடும் அச்சமூகம் விசுவாசமானதா, கலகக் குணமுடையதா என்பதுபோன்ற குறிப்புகள் இணைந்தன. 1869இல் இலண்டனைச் சேர்ந்த ஜே. எச். லாம்ப்ரே, பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் அமைத்த திரைக்கு முன் மனிதரை நிறுத்திப் படமெடுத்து அளவெடுக்கும் முறையை முன்மொழிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், அளவுகோலோடும் படக்கருவியோடும் தென்னிந்தியா முழுதும் அலைந்தார். அவர் கே. ரங்காச்சாரியின் துணையோடு எழுதிய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர் அந்நூலைப் புரட்டாமல் இருக்க இயலாது; புரட்டும்போது மனம் சற்றுக் கூசாமல் இருப்பதும் அரிது.

நவாஹோ மக்களின் நிலை இதற்கு ஒப்பானது. தங்களை ‘டினே’ என்று அழைத்துக்கொள்ளும் அம்மக்கள் 1864இல் அமெரிக்கப் படையால் தம் நிலத்திலிருந்து நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டு, 1868 உடன்படிக்கைக்குப் பின்னரே திரும்பினர். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எட்வர்ட் கர்ட்டிஸ் என்பவர், குதிரைகள் மீது வரிசையாக இருளை நோக்கிச் செல்லும் நவாஹோக்களைப் படமெடுத்து, அதற்கு ‘மறைந்துபோகும் இனம்’ என்று பெயரிட்டார். செல்வந்தர் ஜே. பி. மார்கனின் பொருளுதவியுடன் 1907 முதல் 1930 வரை அவர் வெளியிட்ட 20 தொகுதிகளின் உணர்வையே இப்படம் சொல்லிவிடுகிறது. பலரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றி அணிந்திருப்பதை ஆய்வாளர் பின்னர் கண்டறிந்தனர். உடைகளைக் கர்ட்டிஸே கொண்டு சென்றிருந்தார். ஒரு படத்தில் கூடாரத்தினுள் இருந்த கடிகாரத்தை அச்சில் அழித்தும்விட்டார். அது நவாஹோ படமன்று, பீகன் மக்களின் படம். ஆனால் நோக்கம் ஒன்றே. பழங்குடி மனிதர் கையில் கடிகாரம் இருக்கக்கூடாதாம். மறைந்துபோவார்கள் என்று அவர் வருந்திய நவாஹோக்கள் இன்று மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். கர்ட்டிஸின் படங்கள் அழகானவை என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. தங்கள் பாட்டன் பாட்டியின் முகங்களை அப்படங்களில் தேடி அடையாளம் கண்டு பெயரிடும் வழித்தோன்றல்களும் உள்ளனர். படம் எடுத்தவரின் நோக்கத்தோடு அதன் வாழ்வு முடிந்துவிடுவதில்லை.

சிங்கப்பூர் அட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் ‘கிளிங்’ என்னும் சொல்லுக்குத் தனிவரலாறு உண்டு. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து தோன்றி, தீவுக்கூட்டங்களில் தென்னிந்திய வணிகரைக் குறிக்கும் பொதுப்பெயராக நூற்றாண்டுகள் வழங்கிய சொல் அது. மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் இழிவு ஏதுமில்லை. ஆனால் குடியேற்ற ஆட்சியின் தோட்டங்களிலும் தெருக்களிலும் கூலிவேலை செய்தவர்மீது ஏவப்பட்டபோது அது வசைச்சொல்லாக மாறியது. கைதிகளின் கால்விலங்கு ஒலியிலிருந்து வந்த சொல் என்ற கதையும் இங்கே வழங்குகிறது. சொல் விலங்கைவிடப் பழையது. எனினும் அக்கதை ஏன் பிறந்தது என்பதை விளங்கிக்கொள்ள முடிகிறது. இந்தியச் சமூகத்தினரின் ஆட்சேபத்திற்குப் பின் 1920களின் தொடக்கத்தில் ‘கிளிங் ஸ்திரீட்’ என்ற தெரு ‘சூலியா ஸ்திரீட்’ ஆயிற்று. தெருப்பலகையை மாற்ற முடிந்தது. அச்சான இலட்சக்கணக்கான அட்டைகளை மாற்ற இயலாது. அவற்றை வகுப்பில் காட்டும் ஆசிரியர் அச்சொல்லை மறைத்துவிடுவதா, காட்டி விளக்குவதா என்று கேட்கின்றனர். காட்டி விளக்குவதே முறை என்பது என் கருத்து. அச்சொல்லைத் துண்டித்துவிட்டால், அட்டை வெறும் அழகுப் படமாகிவிடும்.

தமிழரின் பழைய உருவப்படங்கள் எல்லாமே இவ்வாறு பிறர் விற்பனைக்காக எடுத்தவை அல்ல. தாமே பணம் கொடுத்து, தாம் விரும்பிய உடையில், தாம் விரும்பிய வண்ணம் எடுத்துக்கொண்ட படங்கள் இன்னொரு பெரும் தொகுதி. ஹில் ஸ்திரீட்டில் 1910களின் தொடக்கம் முதல் 1923 வரை லீ சகோதரர்கள் நடத்திய படக்கூடம் இதற்குச் சிறந்த சான்று. அங்கு எடுக்கப்பட்டவற்றில் சுமார் 2,500 கண்ணாடித் தகடுகளை அக்குடும்பத்தார் 1994இல் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு அளித்தனர். சீனர், பெரனாக்கர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் அனைவரும் ஒரே நாற்காலியில், ஒரே திரைச்சீலையின் முன் அமர்ந்திருக்கின்றனர். அஞ்சலட்டைச் செட்டியாரையும் இக்கூடத்துத் தமிழரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவரின் உடம்பும் நகையும் முன்னிறுத்தப்படுகின்றன. பின்னவர் கோட்டு, கைக்கடிகாரச் சங்கிலி, குடை, புத்தகம் ஆகியவற்றைத் தாமே தேர்ந்துகொண்டு நம்மை நேராக நோக்குகிறார். ஊரில் இருக்கும் தாய்க்கோ, பெண் கொடுக்கவிருக்கும் வீட்டாருக்கோ அனுப்ப எடுத்த படமாக அது இருக்கலாம். கோட்டு கூடத்துச் சொந்தக்காரருடையதாகவும் இருக்கலாம்; அதை இரவல் வாங்கி அணிய விரும்பியது அவருடைய விருப்பம். கர்ட்டிஸ் அணிவித்த சட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவரே சொல்லிவிடுவர்.

வருந்தத்தக்கது யாதெனில், இத்தகடுகளில் இருப்போரிலும் பெரும்பாலோரின் பெயர் கிடைக்கவில்லை. விற்பனைக்கு எடுத்த படங்களில் பெயரை யாரும் கேட்கவில்லை. இவற்றிலோ பெயர் தெரிந்தவர் எல்லாரும் மறைந்துவிட்டனர். தமிழ்நாட்டிலும் இதே நிலை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் பழைய ஸ்டுடியோக்களையும் குடும்பங்களையும் தேடிச் சென்று படங்களை மின்னுருவாக்கியுள்ளனர். கூடத்தை மூடும்போது தகடுகளைச் சுரண்டி வெள்ளியை எடுத்து விற்பதும், கண்ணாடியைச் சன்னலுக்குப் பொருத்துவதும் நம் நாடுகளில் அறியாத செய்தியன்று.

இனி, ஒரு படம் கையில் கிடைத்தால் செய்யவேண்டியவை. முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். திரட்டுவோரில் பலர் முகத்தை மட்டுமே பார்க்கின்றனர். காலத்தைச் சொல்வதோ பெரும்பாலும் முதுகு. அஞ்சலட்டையின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் அது பழைய வகை. செய்திக்கும் முகவரிக்குமாக நடுவில் கோடிட்ட அட்டைகளைப் பிரிட்டன் 1902இலும், பிரான்ஸ் 1904இலும், ஜெர்மனி 1905இலும், அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன. மற்ற நாடுகளும் அவ்வாண்டுகளையொட்டியே பின்பற்றின. தபால்தலையில் எந்த மன்னர் தலை இருக்கிறது என்பதும், முத்திரையின் நாளும் உதவும். ஆனால் அட்டையின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு. 1880களில் எடுத்த படத்தை 1910இல் அட்டையாக அச்சிடுவது வழக்கம். ஒரே பெண்ணின் படம் வெவ்வேறு ஊர்ப்பெயர்களுடன் வெளிவருவதும் உண்டு. ஆகவே அடிக்குறிப்பைச் சான்றாகக் கொள்ளாமல் ஒரு சாட்சியாக மட்டும் கொண்டு, குறுக்கு விசாரணை செய்யவேண்டும்.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிட்ட அல்புமென் படம் மெல்லியது, அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும், பழுப்பேறி, வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்புகள் தெரியும். மை கொண்டு இயந்திரத்தில் அச்சிட்டதாயின் ஒழுங்கான புள்ளிகளோ, புழு நெளிந்தாற்போன்ற நுண்கோடுகளோ தென்படும். பழமையானதென்று விலை கூறப்படும் பலவற்றை இந்த ஒரு சோதனை வெளிப்படுத்திவிடும். நகையையும் உடையையும் பிறகு பாருங்கள். பாம்படம் தொங்கும் காது பாண்டிநாட்டுப் பக்கத்தை நினைவூட்டலாம். எனினும் கூடத்தில் வைத்திருந்த நகையாக இருக்கக்கூடுமென்ற ஐயத்தை விட்டுவிடலாகாது. நீண்டு தளர்ந்த காதுமடலை இரவல் வாங்க முடியாது என்பதும் உண்மைதான்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். நம் ஊரின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பழம்படங்களுக்கு ஏற்றது அதில் பாதிக்கும் குறைவு. பூஞ்சணமும் செல்லும் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே படத்தை வெயில்படும் சுவரில் மாட்டாதீர்கள். நெகிழித்தாளில் வெப்பமூட்டி உறையிடாதீர்கள். ஒட்டுநாடாவைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அமிலம் நீங்கிய தாளுறையில் இட்டு, ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்தால் போதும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், ஆண்டு, சொன்னவர் யார் என்பவற்றை எழுதுங்கள். நான்காவது குறிப்பை எல்லாரும் மறந்துவிடுகின்றனர்.

நாம் கூடியிருக்கும் பூன் லே வட்டாரம், சியூ பூன் லே என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1852 முதல் 1933 வரை வாழ்ந்த அவருக்கு இப்பகுதியில் பரந்த நிலம் இருந்தது. அவர் பெயர் இரயில் நிலையத்தில் இருக்கிறது, பேருந்தின் நெற்றியில் இருக்கிறது. அக்காலத் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியோரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. இருந்தால், அவை இன்று யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குள், ஒரு படத்தின் பின்புறத்தில் இருக்கும். மூத்தவர் மறைந்து வீடு மாற்றும்போது அந்த டப்பா பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. முன்பெல்லாம் அவற்றில் சில, லிட்டில் இந்தியாவையொட்டிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்கு வந்து, பழைய கடிகாரங்களுக்கும் நாணயங்களுக்கும் நடுவே விரிப்பில் கிடக்கும். 2017 ஜூலையில் அச்சந்தையும் மூடப்பட்டது.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தைக் கேட்டறிந்து, அதில் இருப்பவர் பெயரைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதி வரச் சொல்லலாம். மூலப்படத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. கைப்பேசியில் எடுத்த நகலே போதும். சற்றுப் பெரிய மாணவர்க்குத் தேசிய ஆவணக் காப்பகம் 2015 முதல் நடத்திவரும் குடிமக்கள் ஆவணப்பணித் திட்டம் ஏற்றது. விவரம் குறிக்கப்படாத பழைய படங்களைப் பொதுமக்கள் பார்த்து, தமக்குத் தெரிந்ததை எழுதித் தரும் ஏற்பாடு அது. சிராங்கூன் சாலைப் படமொன்றில், முன்னே நிற்பவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு கடைப்பலகை இருக்கும். அதில் தமிழில் நான்கைந்து எழுத்துகள் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உருப்பெருக்கிப் பார்த்தால், அது யாருடைய கடை என்று சொல்லிவிடலாம்.